கண்ணாடிக்குள் போன குற்றாலப் படை

1

போன வாரத்தோடு நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருஷம் முடிந்தது. அன்றைக்குக் கேசரி கிண்டலாம் என்று ரவையை எடுத்து வெளியே வைத்திருந்தேன். கிண்டவில்லை. எங்கள் குற்றாலத்துக் குரங்கு ஒன்றை என் மகனுடைய பள்ளிக்கூடத்தார் கண்ணாடிக்குள் அடைத்து, கீழே 'இந்துக்கள் வணங்கும் குரங்குக் கடவுள்' என்று எழுதி வைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குரங்கு என்றால் உயிருள்ள குரங்கு இல்லை. சதுரங்கக் காய். விரல் நீளத்துக்கு ஒரு மர பொம்மை, வண்ணம் பூசியது. அது எந்தக் கோயிலிலும் இருந்ததில்லை. என் அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறி, ஒரு சீப்புப் பழம் வாங்கிய பிறகு கண்ணாடியின் ஒரு காலை ஒடித்துக் கீழே போட்ட திருட்டுக் குரங்கு அது. அதைப் பார்த்துத்தான் என் அக்கா அந்தக் காயை வரைந்தாள். கையில் மூக்குக்கண்ணாடிகூட இருக்கும். கடவுளுக்கு எதற்கு மூக்குக்கண்ணாடி என்று அந்த வாத்தியாரம்மாவுக்கு ஒரு நிமிஷமாவது தோன்ற வேண்டாமா?

எங்கள் வீட்டில் ஆஞ்சநேயர் படம் இருக்கிறது. அவருக்குச் செய்ய வேண்டியதை நாங்கள் செய்கிறோம். அவரையும் இந்தக் களவாணியையும் ஒன்றாக்கியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதையும் ஒருவேளை தாங்கியிருப்பேன். காய்களை அவர்கள் செய்த கோலம்தான் என்னை உட்காரவிடாமல் அடித்தது.

2

நான் தென்காசிக்காரி. சாரல் தொடங்கினால் அப்பா குடும்பத்தோடு குற்றாலத்துக்கு மாறிவிடுவார். அருவிக்குப் போகிற பாதையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, சீசன் முடிகிற வரைக்கும் சாப்பாட்டு மெஸ் நடத்துவார். அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு அகோரப் பசி எடுக்கும். சோறு வடிக்கிற வரைக்கும் அவர்கள் சத்தம் போடாமல் இருக்க வேண்டுமே என்று கூடத்தில் ஒரு சதுரங்கப் பலகையைப் போட்டு வைத்திருந்தார்.

குற்றாலத்தில் குளிப்பது எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உச்சி முதல் பாதம் வரைக்கும் எண்ணெய். அருவி எவ்வளவு அடித்தாலும் விரல் இடுக்கிலும் காதோரத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். அந்தக் கையோடு வந்து காயைத் தொடுவார்கள். சாரல் காற்றில் எதுவும் காயவும் காயாது. ஒரே சீசனில் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் சேர்ந்து பழுப்பாகிவிட்டன. மதுரையிலிருந்து வந்தவர் ஒருவரும் கோவில்பட்டிக்காரர் ஒருவரும் ஒரே யானையைப் பிடித்துக்கொண்டு 'என்னுது' 'என்னுது' என்று சண்டை போட்டதில் இரண்டு இலையிலும் சோறு ஆறிப்போனது.

அதற்கப்புறம்தான் பவானி அக்கா புதுக் காய்கள் செய்தாள். கடைத்தெருவில் மரச்சாமான் விற்கிறவரிடம் சொல்லி, வண்ணம் பூசாமல் செதுக்கி வாங்கினாள். வண்ணப்பொடியைப் பிசினில் குழைத்துத் தானே தீட்டினாள். கறுப்பு, வெள்ளை என்று அவள் பிரிக்கவில்லை. ஒரு பக்கம் தென்காசி, எதிர்ப்பக்கம் குற்றாலம். தென்காசிச் சிப்பாய்களில் எங்கள் தபால்காரர் இருந்தார், பஸ் கண்டக்டர் இருந்தார், பாத்திரக்கடை அண்ணாச்சி தன் முழுத் தொப்பையோடு இருந்தார். ராணிக்குப் பதில் மந்திரி, அது ஸ்டேஷன் மாஸ்டர், கையில் பச்சைக்கொடி. குற்றாலப் படையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், துண்டு விற்கிறவர்கள், பழக்காரர்கள். அவர்களுக்கு மந்திரி குரங்கு. ஒரு மீசை மாதிரி இன்னொரு மீசை இருக்காது.

மெஸ்ஸுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் காய்களைத் தரமாட்டாள். வீட்டு ஆட்களான நாங்களும் சீயக்காய் போட்டுக் கை கழுவி, துடைத்து, அவளிடம் நீட்ட வேண்டும். அவள் மோந்து பார்ப்பாள்.

"அடியில புடிச்சு எடு. தலையத் தொடாத, மூஞ்சியத் தொடாத" என்பாள்.

ஒரு சீசனில் தாலுகா ஆபீஸ்காரர் ஒருவர், அப்பாவுக்கு வேண்டியவர், அந்தப் பலகைதான் வேண்டும் என்று அடம் பிடித்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்றாள்.

"கையக் காட்டுங்க அண்ணாச்சி."

"ஏட்டி, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியும். பெரிய ஆபீசர்னா எண்ணெய் ஒட்டாதா?"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. ஆபீஸ்காரர் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்தார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமை இப்போதும் இருக்கிறது.

3

பாளையங்கோட்டையில் நர்ஸ் படிப்பு முடித்து, கல்யாணமாகி, இங்கே வேலை கிடைத்துக் கிளம்பியபோது அந்தக் காய்களை அக்கா எனக்குத் தந்தாள். கிளம்பியது ஆடி மாதம். பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்து, எல்லா முகத்தையும் புதிதாக எழுதி, மேலே புது வார்னிஷ் பூச வெயிலுக்காகக் காத்திருந்தாள். ஈரக் காற்றில் பூசினால் வார்னிஷ் வெளுத்துப் போகும். வெயில் வந்தபாடில்லை.

என்னை வழியனுப்ப ராயகிரியிலிருந்து பேச்சி அத்தை வந்திருந்தாள், அப்பாவின் தங்கை. நாங்கள் கடைக்குப் போயிருந்த நேரத்தில், வரிசையாக நின்ற காய்களைப் பார்த்திருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் எல்லாக் காய்களும் தலை முதல் அடி வரை பளபளவென்று நின்றன. அத்தை விரலில் எண்ணெயை வழித்துக்கொண்டிருந்தாள்.

"கடல் தாண்டிப் போற சாமான்லா? பாவம், காஞ்சு போயி நிக்கி. அதான் எண்ணெய்க் காப்பு போட்டேன். கோயில்ல சாமிக்கே அதத்தான போடுதாவ?"

அக்கா அலறினாள். "அத்தே, அது கருங்கல்லு! இது பிசின்ல கொழைச்ச பொடி! எண்ணெய் குடிச்ச பொடிமேல வார்னிஷ் நிக்குமா? தோலுதோலா உரியும். மூஞ்சியையும் சேத்துப் பிச்சிட்டுப் போயிரும்!"

"நல்லதுன்னு நெனச்சேன் தாயி" என்றாள் அத்தை. அவள் கண் கலங்கிவிட்டது. அக்காவும் அழுதாள். தவிட்டைத் தூவி எண்ணெயை முடிந்தவரை எடுத்தார்கள். கலர் கொஞ்சம் இருண்டதோடு சரி, முகங்கள் பிழைத்தன. ஆனால் இனி ஒருநாளும் வார்னிஷ் கிடையாது.

"இனிமே இதுக்குக் காப்பு ஒன் கைதான்" என்று சொல்லி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, இலவம்பஞ்சு போட்ட பிஸ்கட் டின்னில் அடுக்கினாள்.

இங்கே வந்து இறங்கிய துறைமுகத்தில் சுங்க அதிகாரி டின்னைத் திறந்து, பஞ்சுக்குள் கட்டைவிரலை விட்டார். பொம்மையா, சாமி சிலையா, கலைப்பொருளா என்று கேட்டார். விளையாடுகிற காய் என்றேன். அப்படி ஒரு பிரிவு அவருடைய தாளில் இல்லையாம். மேலதிகாரி வந்தார், அவருக்கு மேலே ஒருவர் வந்தார். ஒவ்வொருவராக ஸ்டேஷன் மாஸ்டரின் மண்டையைப் பிடித்துத் தூக்கினார்கள். "அடியில் பிடியுங்கள்" என்று நான் இங்கிலீஷில் கத்தினேன். இந்த நாட்டில் நான் போட்ட முதல் சத்தம் அதுதான்.

4

எங்கள் வாழ்க்கை இப்படிப் போகிறது. நான் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. என் வீட்டுக்காரர் மேலகரத்துக்காரர், பஸ் பட்டறையில் வேலை. குளிர்காலத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதே சமையலறை வாசலில்தான். மகன் பிறந்தது இங்கே. குற்றாலநாதன் என்று பெயர் வைத்தோம். பள்ளிக்கூடத்தில் முதல் பாதியை வெட்டிப்போட்டு, மிச்சத்தை 'நேதன்' ஆக்கிவிட்டார்கள். நாலைந்து தடவை போய்த் திருத்தினேன். இப்போது யார் கேட்டாலும் அவனே 'நேதன்' என்கிறான். நான் யாரைத் திருத்துவது?

அவன் தமிழ் தேய்ந்துகொண்டே வந்தது. அப்பாவை 'வா' என்பான், பக்கத்து வீட்டுப் பூனை வந்தால் 'பூனை வந்தாங்க' என்பான். நான் தமிழில் கேட்பேன், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான். ஒரே வீட்டில் இரண்டு ரேடியோ ஓடுவது போல இருக்கும்.

அப்போதுதான் டின்னை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு உண்டபின், சோப்பு போட்டுக் கை கழுவித் துடைத்து வந்தால் ஆட்டம். நான் தென்காசி, அவன் குற்றாலம். ஒரே ஒரு சட்டம் வைத்தேன். "இவங்க யாருக்கும் இங்கிலீஷ் தெரியாதுலே. இவங்கள நகத்துறவங்க தமிழ்லதான் பேசணும்."

பயல் அதைப் பிடித்துக்கொண்டான் பாருங்கள்! நகர்த்துகிற ஒவ்வொரு காய்க்கும் குரல் கொடுப்பான். "ஏலே தபால்காரா, எங்கன போற? இங்கன வழியில்ல" என்று அவன் துண்டுக்காரர் அதட்டுவார். குரங்கு என் கண்டக்டரை வெட்டினால் "டிக்கெட்டு குடும்ல" என்று கேட்டு வாங்கும். தென்காசியை அவன் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஒரு மணி நேரம் எங்கள் தெருவில் பிறந்தவன் மாதிரி பேசினான். வாரம் முழுக்க நான் அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காத்திருந்தேன். அது போனால் அவனிடம் தமிழ் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

காய்களை இங்கே காப்பாற்றுவதும் லேசுப்பட்ட வேலை இல்லை. கணப்புக்கு மேல் வைத்தால் மரம் வெடிக்கும், ஜன்னலோரம் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். உடுப்பு அலமாரியில் என் பட்டுச் சேலைகளுக்கு நடுவில் வைத்தேன். இத்தனை வருஷ ஆட்டத்தில் ஒரு மூக்குகூடப் போகவில்லை. கையின் ஒழுக்கம்தான் காரணம், வேறு எதுவும் இல்லை.

5

பள்ளிக்கூடத்தில் காமன்வெல்த் நாடுகளின் பொருட்காட்சி என்றார்கள். நாதன் பீற்றிக்கொண்டிருக்கிறான் போல, வாத்தியாரம்மா காய்களைக் கேட்டு அனுப்பினாள். ஒரு வாரத்துக்குத்தானே என்று நானே டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். அடியில் பிடிக்கக் காட்டிக் கொடுத்தேன். "மேலே எதுவும் பூசாதீர்கள். வார்னிஷ் இதற்கு ஆகாது" என்று, நோயாளிக்கு மருந்து சொல்வதைப் போல இரண்டு தடவை சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள்.

ஒரு வாரம் முடிந்தது, காய்கள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்கக் கூடாதென்று என் வீட்டுக்காரர் கடையில் பிளாஸ்டிக் காய்கள் வாங்கி வந்தார். நாதன் ஆடினான். வாயைத் திறக்கவில்லை. கடைசியில் 'செக்' என்றான், அவ்வளவுதான். "தமிழ்ல சொல்லேன்லே" என்றேன். இந்தக் காய்கள் யாருமே இல்லையே அம்மா என்று இங்கிலீஷில் சொன்னான். எனக்குப் பயம் வந்துவிட்டது.

இரவு வேலை முடித்து, சீருடையோடு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசல் கூடத்தில் மாட்டியிருந்தார்கள். பச்சை வண்ணம் அடித்த பலகை, அதன்மேல் கோந்து போட்டு ஒட்டிய என் காய்கள், மேலே கண்ணாடி, நாலு மூலையிலும் திருகாணி. எல்லாக் காய்களும் வார்னிஷ் குடித்துப் பளபளவென்று இருந்தன. தென்காசியும் குற்றாலமும் கலந்து நின்றன. குரங்குக்குக் கீழே அந்தக் கடவுள் சீட்டு. பாத்திரக்கடை அண்ணாச்சிக்குக் கீழே 'செல்வத்தின் தெய்வம்'. குற்றாலச் சிப்பாய் ஒருவரைக் காணோம், அவர் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் சிப்பாயை ஒட்டி ஒப்பேற்றியிருந்தார்கள்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனுஷர் என்று ஊரில் பெயர். "இனிக் கவலையே வேண்டாம், தேயாது, உடையாது, நூறு வருஷம் இப்படியே இருக்கும்" என்றார்.

"இருந்து? யார் ஆடுவது?" என்று கேட்டேன்.

அவருக்குக் கேள்வி புரியவில்லை. பொருட்காட்சி அடுத்து மற்றப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிறதாம். காலவரை இல்லாமல் இரவல் தந்திருக்கிறோமாம். தாளை எடுத்துக் காட்டினார். கீழே என் வீட்டுக்காரரின் கையெழுத்து. திருப்பி வேண்டுமென்றால் கல்வி அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும், அவர்கள் கூடிப் பேசுவார்கள் என்றார்.

வெளியே வந்து பட்டறைக்குப் போன் போட்டேன்.

"என்னத்துலங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"பய நீட்டினான், போட்டேன். பள்ளிக்கூடத்துக் காயிதம்தானட்டி?"

"படிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

"எல்லாத்தையும் படிச்சா இந்த ஊர்ல பொழைக்க முடியுமா? விடு, போவட்டும்."

விடுவதாவது! திரும்பிப் போய் ஹெட்மாஸ்டர் அறையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். காய்கள் என் கைக்கு வராமல் எழுந்திருக்க மாட்டேன் என்றேன். அவர் கல்வி அலுவலகத்துக்குப் போன் போட்டார், அவர்கள் வேறு அறைக்கு மாற்றினார்கள், அந்த அறையில் ஆளில்லை. நான் அசையவில்லை. பூசியதும் ஒட்டியதும் பாதுகாப்புக்குத்தான் என்று வாத்தியாரம்மா வந்து விளக்கம் சொன்னாள். நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். ஆனால் வண்ணங்களைப் பற்றி அவள் கல்லூரியில் படித்திருக்கிறாளாம். எனக்கு வந்த கோபத்தில் அவள் தலையில் நல்லெண்ணெயைக் கவிழ்த்திருப்பேன், கையில் இல்லை. பேச்சி அத்தையாவது தெரியாமல் செய்தாள். செய்த பிறகு அழுதாள். இவளுக்குச் சொல்லித்தானே கொடுத்தேன்?

கடைசியில் திருகாணியைக் கழற்றினார்கள். வெந்நீர்த் துணி போட்டு, மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். அக்கா சொன்னது அப்படியே நடந்தது. விரல் பட்ட இடத்தில் வார்னிஷ் தோலாக எழும்பியது. ஸ்டேஷன் மாஸ்டரின் முகம் அந்தத் தோலோடு என் கட்டைவிரலில் வந்துவிட்டது. பின்னால் வெறும் மரம். மற்ற முகங்களும் அப்படியே உரிந்து வந்தன. அவர்கள் முன்னால் அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன். அழுதுவிட்டேன். ஹெட்மாஸ்டர் தேநீர் கொண்டுவரச் சொன்னார். இங்கே எதற்கும் தேநீர்தான்.

அக்காவுக்கு நான் இன்னும் எழுதவில்லை. இதைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. அவள் என்னை ஏசட்டும், ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து ஏசட்டும்.

6

முகமில்லாத காய்களை டின்னில் போட்டு மூடி வைத்தேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. நான் அசந்து தூங்கி எழுந்து வந்து பார்த்தால், நாதன் மேசையில் பள்ளிக்கூடத்து வண்ணக் குப்பிகளோடு உட்கார்ந்திருந்தான். தென்காசியைத் தொடவில்லை, அது என் படை. தன் குற்றாலப் படைக்கு மட்டும் முகம் எழுதியிருந்தான். மஞ்சள் தலைமுடி, நீலக் கண், பந்தாட்டம் பார்க்கப் போகிறவர்கள் கழுத்தில் சுற்றுகிற கோடு போட்ட கம்பளித் துண்டு. எல்லாம் அவன் வகுப்புப் பிள்ளைகளாம். குரங்கை ஹெட்மாஸ்டர் ஆக்கியிருந்தான். கையில் மூக்குக்கண்ணாடி இருந்ததால் அது சுலபமாயிற்று என்றான். நான் சிரித்துவிட்டேன். மனது கொஞ்சம் லேசானது.

கை கழுவி வந்து உட்கார்ந்தோம். என் தபால்காரருக்கு முகம் இல்லை, ஆனாலும் அவர் யார் என்று எனக்குத் தெரியும். முதல் நகர்த்தலை வைத்தேன். நாதன் தன் சிப்பாயை அடியில் பிடித்து, ஒழுங்காக எடுத்து வைத்தான். இங்கிலீஷில் பேச வைத்தான். அடுத்த சிப்பாயும் இங்கிலீஷ்.

"என்னலே இது? சட்டம் மறந்து போச்சா?"

இது பீட்டர் அம்மா, அது கோலின், இவர்களுக்குத் தமிழ் தெரியாதே என்றான். குறும்பு இல்லை, நிஜமாகவே எனக்கு விளக்கம் சொன்னான். நான் போட்ட சட்டம்தான் அது. அதில் ஒரு எழுத்துகூட அவன் மீறவில்லை. யாரை ஏசுவது? கண்ணாடியைத் திறக்க வைத்துவிட்டேன் என்று ஒரு வாரமாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேனே, எதை மீட்டேன்? மரத்தை மீட்டேன். பேச்சு அங்கேயே போய்விட்டது.

ஆட்டத்தை நிறுத்திவிடலாம் என்று பலகையில் கை வைத்தேன். உன் சிப்பாய் வரிசையில் ஓர் ஆள் குறைகிறது என்றேன், சும்மா எரிச்சலில். நாதன் கால்சட்டைப் பைக்குள் கையை விட்டான். கோலிக்குண்டு, நூல்கண்டு, கசங்கிய காகிதம் இவற்றோடு ஒரு காயை எடுத்து வைத்தான். குற்றாலத்தில் மங்குஸ்தான் விற்கிற ஐயம்பெருமாள். அக்கா எழுதிய முகம். தலைப்பாகைச் சிவப்பு போய்விட்டது. கூடை தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஒரு கண் இல்லை. மீசை மட்டும் அப்படியே இருந்தது.

"இது எங்கலே கெடச்சுது?"

ஒட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் எடுத்து ஒளித்துக்கொண்டானாம். அத்தனை பேரையும் எடுக்க முடியவில்லையாம். நான் ஏசுவேன் என்று சொல்லவில்லையாம். இத்தனை நாளும் பைக்குள்ளேயே இருந்ததாம்.

ஏசத்தான் வாயைத் திறந்தேன். சோப்பு இல்லாமல், துணி இல்லாமல், கோலிக்குண்டோடு போட்டு உரசியா வைத்தாய் என்று கேட்க வந்தேன். அதற்குள் அவன் ஐயம்பெருமாளை இரண்டு கட்டம் முன்னால் நகர்த்தினான்.

"மதினி, மங்குஸ்தான் வேணுமா? இன்னைக்குப் பறிச்சது. அங்கன வாங்காதிய, அவன் அழுகலக் குடுப்பான்."

நான் என் அடுத்த காயை நகர்த்தினேன். ஆட்டம் போனது. பீட்டரை வெட்டினேன், கோலினை வெட்டினேன், ஹெட்மாஸ்டரை என் குதிரையால் இரக்கமில்லாமல் வெட்டினேன். ஐயம்பெருமாள் ஒவ்வொரு கட்டமாகக் கூவிக்கொண்டே வந்தார். என் யானைக்கு நேரே வந்து நின்றார். அவருக்குக் காவலாக யாரும் இல்லை, யானை வெட்டிவிடலாம். இன்னும் இரண்டு கட்டம் போனால் கடைசிக் கட்டம், போய்ச் சேர்ந்தால் மந்திரி ஆகிவிடுவார். சதுரங்கத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை, அப்பாவுக்கும் இல்லை, கட்டினவருக்கும் இல்லை. வெட்டாமல் யானையை ஓரத்துக் கட்டத்துக்கு நகர்த்தி வைத்தேன்.

நாதன் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"எம்மா, இவரு நிக்காரே, நீ பாக்கலியா?"

"பாத்தேன்லே. நீ பேசிக்கிட்டே வா."